தேனீ வளர்ப்பு: முதல் பெட்டியை வாங்கும் முன் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி

'தேனீ வளர்க்கலாம்னு இருக்கேன்' என்று வீட்டில் யாராவது சொன்னால், முதலில் வருகிற கேள்வி 'கொட்டாதா?' என்பதுதான். கொட்டும். அதில் சந்தேகமே வேண்டாம். அடுத்த கேள்வி, 'ஒரு பெட்டிக்கு எவ்வளவு தேன் வரும்?' இதற்கும் ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். யாரும் அதிகம் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: பூவே இல்லாத மாதங்களில் அந்தத் தேனீக்கள் எதைச் சாப்பிடும்?

புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் முதல் ஆண்டிலேயே வெறும் பெட்டியோடு நிற்பதற்குக் காரணம் இந்த மூன்றாவது கேள்விதான். ஆசையோடு வாங்கி வைத்த பெட்டியில் பங்குனி, சித்திரையில் தேனீக்கள் மொய்க்கும். ஆடி, ஆவணியில் ஒருநாள் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தேனீகூட இருக்காது. செத்துக் கிடக்காது, பறந்தே போயிருக்கும். 'நமக்குக் கைராசி இல்ல' என்று பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெட்டியில் வளருகிற தேனீ எது?

தமிழ்நாட்டில் பொதுவாகக் கண்ணில் படுகிற தேனீக்கள் ஐந்து வகை. உயரமான மரங்களிலும் பாறைகளிலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத் தேனீ. புதரிலும் சின்னக் கிளையிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கூடு கட்டுவது கொம்புத் தேனீ. இவை இரண்டும் திறந்தவெளியில் ஒரே ஓர் அடை மட்டும் கட்டுபவை. எவ்வளவு நல்ல பெட்டி செய்து வைத்தாலும் அதற்குள் தங்காது. மலைத் தேனீயைச் சீண்டுவது உயிருக்கே ஆபத்து என்பதால் அந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

மரப்பொந்து, புற்று, பழைய சுவர் இடுக்கு என இருட்டான இடத்தில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டுவது இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ, புற்றுத் தேனீ என்றும் சொல்வார்கள். பொந்துக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி, அடைகளுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் சட்டங்கள். இந்த மாற்றத்தை அது ஏற்றுக்கொள்வதால்தான் தேனீ வளர்ப்பு என்ற தொழிலே நடக்கிறது.

நான்காவது, இத்தாலியத் தேனீ. 1960களில் வட இந்தியாவில் அறிமுகமானது. தேன் அதிகம் தரும், அவ்வளவு எளிதில் கூட்டை விட்டு ஓடாது. ஆனால், அதற்குப் பெரிய அளவில் தொடர்ந்து பூக்கள் வேண்டும். பூ தேடி ஊர் ஊராகப் பெட்டிகளை லாரியில் ஏற்றிப் போக வேண்டியிருக்கும். வரோவா என்கிற உண்ணியின் தொல்லையும் அதற்குத்தான் அதிகம். அந்த உண்ணி முதலில் ஆசியத் தேனீக்களிடம் இருந்தது. நம் இந்தியத் தேனீக்கள் தலைமுறை தலைமுறையாக அதோடு வாழ்ந்து, தடவித் துடைத்து அதைக் கட்டுக்குள் வைக்கப் பழகிவிட்டன. இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. பத்துப் பெட்டிக்குக் கீழே, வீட்டுத் தோட்டத்திலோ தென்னந்தோப்பிலோ வைக்கப்போகிறவருக்கு இந்தியத் தேனீயே போதும்.

ஐந்தாவது, கொடுக்கில்லாத கொசுத் தேனீ. அதைப் பற்றிக் கடைசியில்.

மார்த்தாண்டம் என்றால் ஏன் தேன்?

தமிழ்நாட்டில் தேனீப் பெட்டி என்று தேடினால் எல்லா வழியும் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்துக்குத்தான் போகும். 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் கிராம மறுசீரமைப்பு மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், வீட்டோடு செய்யக்கூடிய சிறு தொழில்களில் ஒன்றாகத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பாதிரியார் நியூட்டன் என்பவர் இந்தியத் தேனீயின் உடல் அளவுக்கு ஏற்ப ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்திருந்தார். இன்றைக்கும் தென்னிந்தியாவில் புழக்கத்தில் இருப்பது அந்த நியூட்டன் பெட்டியும், அதையொட்டிய மார்த்தாண்டம் பெட்டியும்தான். மார்த்தாண்டம் தேன் இப்போது புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

அந்த ஊருக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. ரப்பர் தோட்டங்கள். ரப்பர் மரத்தில் தேன் கிடைப்பது பூவிலிருந்து என்று பலர் நினைப்பார்கள். உண்மையில், இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது இலைக் காம்பின் நுனியில் இனிப்பான நீர் சுரக்கும். தேனீக்கள் குடிப்பது அதைத்தான். ஜனவரி முதல் மார்ச் வரை குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தேன் கொட்டுவது இதனால்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'மார்த்தாண்டத்துல ஒரு பெட்டிக்கு இவ்வளவு தேன் எடுக்கிறாங்க' என்கிற கணக்கை வைத்துக்கொண்டு ரப்பரே இல்லாத ஊரில் பெட்டி வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஊருக்கு ஊர் கணக்கு வேறு. பொதுவாக இந்தியத் தேனீயின் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ வரை தரும். ரப்பர் பகுதியில், பழகிய கையில், அதற்கும் மேலே போகும். புதியவரின் முதல் ஆண்டில் தேனே இல்லாமலும் போகலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கீழே ஒரு அடிப்பலகை. அதன்மேல் புழு அறை. ராணி முட்டையிடுவதும், புழுக்கள் வளர்வதும், அவற்றுக்கான மகரந்தம் சேர்வதும் இங்கே. அதற்கும் மேலே உயரம் குறைந்த தேன் அறை. அதன்மேல் உள்மூடி, மழைக்கு மேல்மூடி. இரண்டு அறைகளிலும் மரச் சட்டங்கள் தொங்கும். தேனீக்கள் இந்தச் சட்டங்களில் அடை கட்டும்.

சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் விடும் இடைவெளிதான் இந்தப் பெட்டியின் உயிர். 1851-ல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் இதைக் கவனித்தார். ஒரு தேனீ நடந்து போகிற அளவு, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சந்து இருந்தால் தேனீக்கள் அதை வழியாக விட்டுவைக்கும். அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து அடைக்கும். அதிகமானால் அங்கேயும் ஓர் அடை கட்டிவிடும். அளவு தப்பிய பெட்டியில் எல்லாச் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றைத் தூக்கினால் நாலு அடை பிய்ந்து வரும். 'நம்ம ஊரு ஆசாரியே செஞ்சுடுவாரே' என்று கண்ணளவில் பெட்டி செய்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். ஆசாரி செய்யலாம், தவறில்லை. கையில் ஒரு சரியான பெட்டியைக் கொடுத்து அதே அளவில் செய்யச் சொல்ல வேண்டும்.

பெட்டியைத் தவிர ஒரு முகவலை, புகை போடும் புகைமூட்டி, அடையைத் தூக்க ஒரு உளி, ஒரு கத்தி. ஆரம்பத்துக்கு இவை போதும். தேன் பிழியும் இயந்திரத்தை முதல் வருடமே வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் வளர்ப்பவர்களிடம் இரவல் கேட்கலாம்.

எப்போது தொடங்குவது?

பெரும்பாலானவர்களுக்குத் தேனீ ஆசை வருவது கோடையில்தான். தேன் எடுக்கும் வீடியோக்கள் வருவதும், விற்பவர்கள் பெட்டியைக் கூவி விற்பதும் அப்போதுதான். வாங்கக் கூடாத நேரமும் அதுதான். ஏப்ரல், மே மாதத்தில் ஜாம்ஜாமென்று இருக்கும் ஒரு குடும்பத்தை வாங்கி வந்தால், பழகுவதற்குள் மழையும் பூப்பஞ்சமும் வந்துவிடும்.

குமரியை ஒட்டிய பகுதிகளில் தேனீக்களின் ஆண்டு மூன்று பகுதிகளாகப் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடும்பம் பெருகும் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தேன் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பஞ்ச காலம். மற்ற மாவட்டங்களில் இது அப்படியே பொருந்தாது. வேம்பும் புங்கமும் பூப்பது கோடையில், புளி அதற்குக் கொஞ்சம் பின்னால், எள்ளும் சூரியகாந்தியும் விதைப்பைப் பொறுத்து. தொடங்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, தன் இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எந்த மாதம் என்ன பூக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிவைப்பது. இந்தியத் தேனீ பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் இரை தேடும். ஆண்டு முழுக்கப் பாளை விடும் தென்னை இருந்தால் மகரந்தத்துக்குக் கவலையில்லை. தும்பை, மூக்குத்திப்பூ மாதிரி வேலியோரச் செடிகளைக் களை என்று முழுக்கச் செதுக்கிவிடாமல் இருப்பதும் உதவும்.

குடும்பம் பெருகத் தொடங்கும் காலத்தில் வாங்கினால், புதியவரும் தேனீக்களும் சேர்ந்தே வளர்வார்கள். கற்றுக்கொள்ள இரண்டு மூன்று மாதம் கிடைக்கும்.

ஒரு பெட்டியா, இரண்டா?

பத்துப் பெட்டி வாங்கினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். ஒன்று மட்டும் வாங்குவதிலும் சிக்கல் உண்டு. ராணி செத்துவிட்டால் காப்பாற்ற வழியிருக்காது. இரண்டு பெட்டி இருந்தால், நன்றாக இருக்கும் பெட்டியிலிருந்து முட்டையோடு ஓர் அடையை எடுத்து ராணியில்லாத பெட்டியில் வைக்கலாம். வேலைக்காரத் தேனீக்கள் அதிலிருந்தே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது சோர்ந்திருக்கிறது என்பதும் தெரியும். இரண்டு என்பதுதான் நல்ல எண்ணிக்கை.

தேனீக் குடும்பத்தைப் பழகிய வளர்ப்பாளரிடம் வாங்கலாம். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். மூடியபடியே விற்பவரிடம் வாங்கக் கூடாது. உள்ளே முட்டையும் புழுவும் மூடிய அறைகளும் இருக்கின்றனவா, குறைந்தது நாலு அடையிலாவது தேனீக்கள் மொய்த்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம்.

மரப்பொந்திலோ சுவரிலோ இருக்கும் கூட்டைப் பிடித்துப் பெட்டியில் மாற்றுவதும் உண்டு. புழு உள்ள அடைகளை முழுசாக அறுத்து எடுத்து, சட்டத்துக்குள் பொருத்தி, வாழைநாரால் சுற்றிக் கட்டுவார்கள். ஓரிரு நாளில் தேனீக்களே மெழுகு வைத்து ஒட்டிக்கொண்டு, நாரைக் கடித்துத் துப்பிவிடும். வாசலில், வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையக்கூடிய ராணித் தடுப்பைச் சில நாள் மாட்டிவைத்தால் ராணி வெளியே போகாது. ராணி போகாவிட்டால் மற்றவையும் போகாது. இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். பழகியவரோடு இரண்டு முறையாவது கூட இருந்து பார்த்த பிறகு இறங்கலாம்.

எங்கே வைப்பது?

மதிய வெயில் படாத நிழல், காலை வெயில் வாசலில் விழும்படி கிழக்குப் பார்த்த திசை, பக்கத்தில் சுத்தமான தண்ணீர், ஆள் நடமாட்டம் குறைந்த மூலை. வாசலுக்கு நேர் எதிரே யாரும் நடக்கக் கூடாது. தேனீக்களின் பாதையை மறித்தால்தான் பெரும்பாலும் கொட்டு விழும். மாடு கட்டும் இடம், குழந்தைகள் விளையாடும் இடம், இரவில் விளக்கு எரியும் வாசல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பெட்டியை ஒரு காலின்மேல் நிறுத்தி, அந்தக் காலைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைப்பது குமரி மாவட்ட வழக்கம். எறும்புக்காக. எறும்பு ஒரே இரவில் ஒரு சிறிய குடும்பத்தை விரட்டிவிடும். கிண்ணத்தில் தண்ணீர் வற்றிவிட்டதா, இலை விழுந்து பாலம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது தினசரி வேலை. சின்ன வேலைதான். பெட்டி காலியாவதும் இந்தச் சின்ன வேலையை விடுவதால்தான்.

ஒருமுறை வைத்த பெட்டியை 'கொஞ்சம் தள்ளி' வைக்கக் கூடாது. வெளியே போகும் தேனீ தன் வீட்டை இடத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்கிறது. பெட்டியை இருபது அடி தள்ளி வைத்தால், அது பழைய இடத்துக்கே வந்து வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வீணாகும். மாற்றுவதென்றால் ஒரு நாளைக்கு ஓர் அடி, இரண்டு அடி என்று நகர்த்த வேண்டும். இல்லையென்றால் இரவில் வாசலை அடைத்து, சில கிலோமீட்டர் தள்ளி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

மூடியைத் திறந்தால் எதைத் தேடுவது?

புதியவர்கள் எல்லோரும் ராணியைத்தான் தேடுவார்கள். ஆயிரக்கணக்கான தேனீக்களுக்கு நடுவே ராணியைத் தேடி அரை மணி நேரம் பெட்டியைத் திறந்துவைப்பது தேனீக்களுக்கு நல்லதில்லை. தேட வேண்டியது முட்டையை. அறையின் அடியில் சின்னஞ்சிறு வெள்ளைக் கோடு மாதிரி ஒன்று நின்றுகொண்டிருக்கும். சூரிய வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி அடையைப் பிடித்தால் தெரியும். முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும். ஆகவே முட்டை இருந்தால், மூன்று நாளைக்குள் ராணி இங்கே இருந்திருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான், மூடிவிடலாம்.

ஓர் அறையில் ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு மூன்று முட்டை கண்டபடி ஒட்டியிருந்தால் கவலைப்பட வேண்டும். ராணி இல்லாமல் போய் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கியிருக்கின்றன. அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும், குடும்பம் மெல்ல அழியும். அடையின் கீழ் விளிம்பில் விரல் நுனி போலக் கூம்பாகத் தொங்கும் அறைகள் ராணி அறைகள். பெருகும் காலத்தில் இவை தென்பட்டால் குடும்பம் பிரியப்போகிறது. பழைய ராணி பாதித் தேனீக்களோடு கிளம்பிவிடும். பழகியவர்கள் அதற்குள் தாங்களே அடைகளைப் பகிர்ந்து இரண்டு பெட்டியாக்கிவிடுவார்கள். பெட்டிக்குப் பெட்டி காசில்லாமல் பெருகுவது இப்படித்தான்.

வாரம் ஒருமுறை, அல்லது பத்து நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மழையிலும் இருட்டிய பிறகும் திறக்கக் கூடாது. தேங்காய் நாரைப் பற்றவைத்து மெதுவாக இரண்டு மூன்று முறை புகை காட்ட வேண்டும். கொட்டிய இடத்தில் தேனீ விட்டுச்செல்லும் எச்சரிக்கை வாசனை மற்றத் தேனீக்களையும் அங்கே இழுக்கும். பழுத்த வாழைப்பழ வாசனை போல இருக்கும் அது. புகை அந்த வாசனையை மறைக்கிறது. பெட்டியைப் புகையால் நிரப்பிவிடுகிறவர்களும் உண்டு. அது தேனீக்களை ஓட வைக்கும் வழி.

ஆடி மாதத்து வேலை

மழை விடாமல் பெய்யும், பூ இருக்காது, தேனீக்கள் வெளியே போகவும் முடியாது. உள்ளே சேமித்த தேனைத் தின்றுதான் காலம் தள்ள வேண்டும். அந்தத் தேனைத்தான் மனிதர் எடுத்துவிட்டாரே. அதனால் கடன் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. தண்ணீரைக் கொதிக்கவைத்து, சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு சிரட்டையில் ஊற்றி, தேனீக்கள் மூழ்காமல் உட்கார நாலு ஈர்க்குச்சியைப் போட்டு, உள்மூடிக்குக் கீழே வைக்க வேண்டும். சாயங்காலத்தில் வைப்பது நல்லது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது. சிந்தினால் பலமான குடும்பம் பலவீனமான குடும்பத்துக்குள் புகுந்து கொள்ளையடிக்கும். வாசலில் சண்டையும், செத்த தேனீக்களும் அதன் அடையாளம். சர்க்கரை விலையைப் பார்த்து வெல்லம், கருப்பட்டி கரைத்து வைப்பது வேண்டாம். தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கு வரும். வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் என்று தொடங்கி, குடும்பத்தின் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

இதே காலத்தில்தான் மெழுகு அந்துப்பூச்சி வரும். தேனீ மொய்க்காத கறுத்த பழைய அடையில் முட்டையிட்டு, அதன் புழுக்கள் அடையைத் துளைத்து நூலாம்படையாக ஆக்கிவிடும். தேனீக்களின் எண்ணிக்கை குறையும்போது அடையையும் குறைப்பதுதான் மருந்து. காலியான சட்டங்களையும் தேன் அறையையும் எடுத்துவிட்டு, இருக்கும் தேனீக்கள் எல்லா அடையையும் மூடி உட்காரும் அளவுக்கு இடத்தைச் சுருக்க வேண்டும். அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடைத்து, உதிர்ந்த மெழுகுத் துகளை அள்ளிவிட வேண்டும். வாசல் எதிரே கதண்டும் பஞ்சுருட்டான் பறவையும் காத்திருக்கும். கதண்டுக்கு வாசலைச் சுருக்கிவைக்கலாம். பஞ்சுருட்டானுக்கு அதிகம் செய்வதற்கில்லை. அதுவும் பிழைக்கத்தானே வேண்டும்.

உணவில்லை, எறும்பு, புழு, அடிக்கடி திறந்து பார்க்கும் மனிதர். இவற்றில் இரண்டு சேர்ந்தால் இந்தியத் தேனீ யோசிக்காது. குடும்பத்தோடு கிளம்பிவிடும்.

மருந்தில்லாத நோய்

1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பே கிட்டத்தட்ட அழிந்துபோனது. தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ், 'தாய் சாக்புரூட்' நோய், கேரளத்திலும் குமரியிலும் பரவி இந்தியத் தேனீக் குடும்பங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கொன்றது. தேனை நம்பியிருந்த வீடுகளில் வரிசையாகப் பெட்டிகள் காலியாயின. தாக்குப்பிடித்த குடும்பங்களிலிருந்து மெல்லப் பெருக்கித்தான் தொழில் மீண்டது. நோய் முழுக்கப் போய்விடவில்லை.

புழு அறையில், மூடப்படாத அறைகளில் தலையைத் தூக்கியபடி புழுக்கள் செத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். குறடால் இழுத்தால் தண்ணீர் நிரம்பிய பை போல வரும். இதற்கு மருந்து கிடையாது. 'மருந்து இருக்கு' என்று ஆன்டிபயாடிக் விற்பவரை நம்பவும் கூடாது. வைரஸுக்கு அது வேலை செய்யாது, தேனில்தான் எச்சமாகத் தங்கும். நோய் கண்ட பெட்டியின் அடையை நல்ல பெட்டிக்கு மாற்றாமல் இருப்பது, அந்தப் பெட்டியைத் தொட்ட கையோடும் கத்தியோடும் அடுத்த பெட்டிக்குப் போகாமல் இருப்பது, தாக்குப்பிடிக்கும் குடும்பத்திலிருந்தே புதுக் குடும்பங்களைப் பிரிப்பது. இவைதான் வழி.

இன்னொரு சாவு பக்கத்து வயலிலிருந்து வரும். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகளைப் பூத்திருக்கும் பயிர்மேல் காலையில் அடித்தால், மதியத்துக்குள் பெட்டி வாசலில் தேனீக்கள் குவியலாகக் கிடக்கும். இந்த வகை மருந்துகள் மூன்றை வெளிப்புற வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது. இங்கே சட்டத்தை நம்பிக் காத்திருக்க முடியாது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே பேசி, பூக்கும் நேரத்தில் அடிக்காமல் இருக்கவோ, அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீக்கள் அடைந்த பிறகு சாயங்காலம் அடிக்கவோ கேட்டுக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு பாட்டில் தேன் கொடுத்தால் பேச்சு சுலபமாக முடியும்.

கொட்டினால்?

கொடுக்கு தோலிலேயே தங்கி, அதனோடு இருக்கும் விஷப்பை கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டே இருக்கும். நகத்தாலோ எதனாலோ, உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம் என்பதே முக்கியம். வீங்கும், அரிக்கும், ஓரிரு நாளில் சரியாகும்.

ஆனால், சிலருக்கு ஒவ்வாமை உண்டு. கொட்டிய இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடிப்பு, முகம் அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே மருத்துவமனை. அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர் காக்கும். முன்பு கொட்டியபோது இப்படி ஆனவர்கள், வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்கள், மருத்துவரைப் பார்க்காமல் பெட்டி வாங்கவே கூடாது.

தேன் எடுப்பதும் விற்பதும்

தேன் அறையிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். புழு அறையில் கை வைப்பது வயிற்றில் அடிப்பது போல. அடையில் முக்கால்வாசி அறைகளை மெழுகால் மூடியிருந்தால் தேன் பக்குவமாகிவிட்டது. அதற்கு முன் எடுத்தால் தண்ணீர் அதிகமிருக்கும், சில வாரத்தில் நுரைத்துப் புளிக்கும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் தேன் மட்டும் தெறித்து வரும். அடை உடையாது. அதையே திரும்ப மாட்டிவிடலாம். ஒரு அடை கட்டத் தேனீக்கள் செலவழிக்கும் மெழுகையும் உழைப்பையும் பார்த்தால், அடையைப் பிழிந்து தேன் எடுப்பது எவ்வளவு நஷ்டம் என்பது புரியும். தேன் அறையையும் முழுக்கக் காலி செய்ய வேண்டாம். கொஞ்சம் விட்டுவைத்தால் ஆடியில் சர்க்கரைச் செலவு குறையும்.

2020 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்ததில் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்று மட்டுமே. அப்போதிருந்து 'நேரடியாப் பெட்டியிலிருந்து எடுத்த தேன்' என்றால் மக்கள் கூடுதல் விலை கொடுக்கத் தயார். அதே மக்கள், தேன் உறைந்துவிட்டால் 'சர்க்கரை கலந்துட்டீங்க' என்று சண்டைக்கும் வருவார்கள். நல்ல தேனும் உறையும். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, திரியில் தொட்டு எரிப்பது எதுவும் கலப்படத்தைக் கண்டுபிடிக்காது. விற்கத் தொடங்கினால் சிறிய அளவாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

வாங்குகிறவரிடம் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் என்கிற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களை ஒன்றும் செய்யாத அவை, பச்சிளம் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாடிவீட்டுக்காரர்களுக்கு...

நகரத்தில், மொட்டைமாடியில், பக்கத்து வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இந்தியத் தேனீ வேண்டாம். கொடுக்கில்லாத கொசுத் தேனீ சரியாக இருக்கும். சுவர் ஓட்டையில் பிசின் குழாய் மாதிரி வாசல் வைத்துக் குடியிருப்பது இதுதான். சின்ன மரப்பெட்டி, மூங்கில், மண்பானை எதிலும் வளரும். கொட்டாது. தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவே. ஆண்டுக்குச் சில நூறு கிராம் தேன்தான். மருந்துக்கென்று தேடி வாங்குவதால் விலை பல மடங்கு. மாடித்தோட்டத்துக் கத்தரியும் மிளகாயும் நன்றாகக் காய்க்கும்.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறது. மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்கலாம். காதி கிராமத் தொழில் ஆணையம் 2017 முதல் 'தேன் இயக்கம்' என்ற பெயரில் பயிற்சியோடு பெட்டிகளும் தருகிறது. யாருக்கு, எவ்வளவு மானியம் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தில் நேரில் விசாரிப்பது நல்லது. பெட்டிகளின் எண்ணிக்கையைத் தேசியத் தேனீ வாரியத்தின் 'மதுகிராந்தி' இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளவும் வசதி உண்டு.

ஒருநாள் பயிற்சியில் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள், சான்றிதழும் கிடைக்கும். அதன் பிறகு பக்கத்தில் தேனீ வளர்க்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் சர்க்கரைப் பாகு வைக்கப் போகும் ஒரு மழைநாள் சாயங்காலத்தில் கூடப் போய் நிற்கலாம். அந்தப் பெட்டியில் எத்தனை அடையில் தேனீ இருக்கிறது, எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா, அடிப்பலகையில் என்ன கிடக்கிறது என்று பார்த்த பிறகு முதல் பெட்டிக்கு முன்பணம் கொடுக்கலாம்.